இராமசாமி அண்ணன் முழுதாகக் கேட்ட ஒரே உரை

எங்கள் கல்வி மாநாட்டில் முதன்மை உரை ஆற்றியவர்களில் யார் நன்றாகப் பேசினார் என்று ஆண்டுதோறும் சண்டை நடக்கும். சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் உரை நடக்கும்போது வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள். நியாயமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவரை யாரும் கேட்டதில்லை. அவர் எங்களுக்கு வேன் ஓட்டும் இராமசாமி அண்ணன். ஒன்பது வருடத்து உரைகளையும் அவர் கேட்டிருக்கிறார், அதுவும் மேடை ஏறுவதற்கு முன்பே. ஒன்றைக்கூட முடிவுவரை கேட்டதில்லை.

நாடு தழுவிய மாநாடு என்று பதாகையில் பெரிதாகப் போடுவோம். பொய்யில்லை, ஜொகூரிலிருந்தும் கெடாவிலிருந்தும் தலைமையாசிரியர்கள் வரத்தான் செய்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஈப்போவில்தான் நடக்கும். இங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு கொள்கை எதுவும் கிடையாது. நான் செமோரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். மாநாட்டுக் குழுவில் எனக்கு வாய்த்தது போக்குவரத்துப் பொறுப்பு. பேச்சாளரை இரயில் நிலையத்தில் ஏற்றி, மண்டபத்தில் இறக்கி, மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு வந்ததும் மறுபடி ஏற்றி, இரயிலடியில் விட வேண்டும். குழுவில் போட்டியே இல்லாத ஒரே பதவி இதுதான்.

இரயில் நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் பேச்சாளர்கள் எல்லாரும் பின்சீட்டில் ஒத்திகை பார்ப்பார்கள். பினாங்கிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் "நான் ஒரு சாதாரண மனிதன்" என்பதை ஏழு விதமான குரலில் சொல்லிப் பார்த்தார். ஏழிலும் அவர் சாதாரண மனிதராகத் தெரியவில்லை. இன்னொருவர் வழிநெடுக டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். ஒரு டத்தோவை முன்பின்னாகச் சொல்லிவிட்டால் அந்தப் பகை பேரப்பிள்ளைகள் காலம்வரை போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இராமசாமி அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டுவார். பேச்சாளர் இறங்கிப் போன பிறகு என்னிடம் மட்டும் சொல்வார்.

"தொடக்கம் நல்லாருக்கு சார். மேட்டுல ஏறும்போதுதான் லோரி கொஞ்சம் இழுக்கல."

லோரி என்று அவர் சொல்வது பேச்சைத்தான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். முடிவு எப்படி இருந்தது என்று அப்புறம் என்னிடம் கேட்பார். நானும் கேட்டதுபோல ஏதாவது சொல்லி வைப்பேன். அவர் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'ஓட்டுநர்' என்று இருக்கும். அந்த அட்டைக்கு மண்டபக் கதவு திறக்காது. யாரும் உட்கார்ந்து போட்ட விதி இல்லை அது. யாரும் யோசிக்காததால் தானாக முளைத்த விதி. ஒன்பது வருடம் யோசிக்காதவர்களில் நானும் ஒருவன்.

அண்ணனுக்கு அறுபத்தொன்பது வயது. சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டியவர். முதலில் ரப்பர்ப் பால் ஏற்றினார். மரத்தையெல்லாம் வெட்டிச் செம்பனை நட்ட பிறகு பழக்குலை ஏற்றினார். தோட்டத்தை விற்றபோது, குடியிருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். மனைவி முத்தம்மாவையும் ஒரே மகன் யுகேந்திரனையும் கூட்டிக்கொண்டு ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். முத்தம்மா கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார். யுகேந்திரன் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்திவிட்டு டயர்க் கடையில் சேர்ந்தான். பத்தொன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோப்பெங் பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் தூண்டில் போடப் போனவன் கரை சரிந்து உள்ளே போய்விட்டான். அந்தக் குட்டைகளின் ஆழம் யாருக்கும் தெரியாது. அவனைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது.

முத்தம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த அடுக்குமாடியில் பழைய ஆட்கள் எல்லாம் மாறிவிட்டார்கள். அண்ணனுக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே இப்போது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை வேனைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அவ இருந்தவரைக்கும் சாயங்காலம் ஆனா அவனப் பத்தித்தான் பேசுவோம் சார். ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் 'ஆமா'ன்னு சொல்லணும்ல. இப்ப 'ஆமா' சொல்ல ஆளில்ல. அவன் பேர வாய்விட்டுச் சொல்லியே ரொம்ப நாளாச்சு." நான் தண்ணீர்க் குழாயை அடைத்தேன்.

இந்த வருடம் முதன்மை உரைக்கு வந்தவர் முனைவர் சாரதாதேவி. கோலாலம்பூரில் ஆசிரியர்களுக்கே ஆசிரியர்; இருபத்தைந்து மேடையாவது ஏறியிருப்பார். பரம்பரையாகப் படித்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், அப்பா மருத்துவமனையில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். நல்ல பருத்திச் சேலை, காதில் சின்னத் தோடு, அலட்டல் இல்லாத பேச்சு. எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு எனக்கு வந்த கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

வேன் கிளம்பியதும் அவரும் ஒத்திகையை ஆரம்பித்தார். தாளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி மெல்லிய குரலில் சொன்னார்.

"அப்போது நான் புது ஆசிரியை. சுங்காயில் ஒரு தோட்டப் பள்ளி. ஐந்தாம் ஆண்டில் தேவன் என்று ஒரு பையன். பெயரை மாற்றிச் சொல்கிறேன். மழை நாளில் அவன் ஒரு மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டு வருவான். பெரியவர்கள் போடுகிற கோட்டு. அது அவன் கணுக்கால்வரை தொங்கும். முதுகில் கறுப்புப் பெயின்ட்டில் பதினேழு என்று எழுதியிருக்கும்…"

வேன் ஒரு குலுக்குக் குலுக்கியது. பச்சை விளக்கில் நின்றுவிட்டார் அண்ணன். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். அதற்குள் சாரதாதேவிக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்தது. மண்டபம் சேரும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

வரவேற்புக் குழு அவரை மேளதாளத்தோடு உள்ளே அழைத்துப் போன பிறகு அண்ணன் இறங்கி என் பக்கம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சார், இன்னைக்கு நான் உள்ள போகணும்."

"என்னண்ணே, உடம்பு ஏதும்…"

"அது என் பையன் சார். அந்தக் கோட்டு கம்பெனியில எனக்குக் குடுத்தது. பதினேழு என் லோரி நம்பரு. யாரும் எடுத்துக்கக் கூடாதுன்னு நான்தான் பெயின்ட்ல எழுதுனேன். அவன் தோட்டத்துல மூணாவது டிவிசன்லேருந்து நடந்து வரணும், நனைஞ்சிருவான்னு குடுத்துவிட்டேன். அவங்க அவனப் பத்தித்தான் பேசப்போறாங்க."

"இவங்கள உங்களுக்கு முன்னமே தெரியாதா?"

"ஸ்கூல் விசயமெல்லாம் முத்தம்மாதான் பாத்துக்குவா. நான் லோரியில கெடப்பேன். டீச்சர் யாரு என்னன்னு ஒன்னும் தெரியாது." மண்டபக் கதவைப் பார்த்தபடி சொன்னார்: "என்ன சொல்றாங்கன்னு முடியிறவரைக்கும் கேக்கணும் சார்."

ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. என் கழுத்து அட்டையைக் கழற்றி அவருக்கு மாட்டினேன். வேன் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தேன். காவலாளி முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் அறுநூறு பேர். அண்ணன் உட்காரவில்லை, பின்சுவரை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழு ஆள் என்று தெரிந்ததால் அட்டை இல்லாமலே என்னை விட்டார்கள்; நான் பக்கவாட்டில் நின்றேன். சாரதாதேவி தொடங்கினார். நன்றாகத்தான் பேசினார், அதை மறுக்கமாட்டேன். மஞ்சள் கோட்டு வந்தது, பதினேழு வந்தது, மழையில் நடந்து வரும் பையன் வந்தான். கணக்கில் கெட்டிக்காரன் என்றார். கரும்பலகையில் எழுத எட்டாததால் நாற்காலி மேல் ஏறி நிற்பான் என்றார். அண்ணன் தலையை மெல்ல ஆட்டினார்.

அடுத்து அப்பா வந்தார்.

அந்த அப்பா குடிகாரர். சம்பள நாளில் கள்ளுக்கடையில் விழுந்து கிடப்பவர். குடிபோதையில் தூங்குகிறவர் மேலிருந்து கோட்டை உருவிப் போட்டுக்கொண்டுதான் பையன் பள்ளிக்கு வருவானாம். "படிச்சு என்ன கிழிக்கப் போற" என்று ஒருநாள் அவன் புத்தகங்களைக் கிழித்து அடுப்பில் போட்டாராம். ஆசிரியை அந்த லயத்துக்கே போய்க் கெஞ்சினாராம். மண்டபத்தில் பெண் ஆசிரியர்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். எனக்குக் காது சூடேறியது.

"அந்த தேவன் இன்று எங்கே தெரியுமா?" என்று சாரதாதேவி நிறுத்தினார். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "ஜெர்மனியில் பொறியியலாளர். போன வருடம் எனக்கு எழுதினான். 'டீச்சர், இங்கே பனி கொட்டுகிறது. என்னிடம் நல்ல கோட்டு இருக்கிறது. ஆனால் அந்த மஞ்சள் கோட்டைத்தான் நினைத்துக்கொள்கிறேன்' என்று."

மண்டபமே எழுந்து நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். இராமசாமி அண்ணனும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

சாரதாதேவிக்குப் பொன்னாடை போர்த்தி, பழத்தட்டுக் கொடுத்து, படம் எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை நாங்கள் இருவரும் வேன் பக்கத்தில் நின்றோம். நான் பொரிந்து தள்ளினேன்.

"உங்களக் குடிகாரன்னு சொன்னாங்கண்ணே! புத்தகத்த அடுப்புல போட்டீங்களாம்! வரட்டும் அந்தம்மா, எல்லார் முன்னாடியும் கேக்குறேன்."

"வேணாம் சார்."

"அத்தனையும் பொய்ண்ணே."

"தெரியும் சார். நான் கள்ளுக்கடைப் பக்கமே போனதில்ல. முத்தம்மா இருந்திருந்தா செருப்பக் கழட்டியிருப்பா." அவர் சிரித்ததுபோல இருந்தது. "ஆனா பையன் நல்லா இருக்கான்ல சார். இஞ்சினியரு. நல்ல கோட்டுப் போட்டிருக்கான். அறுநூறு பேரு கை தட்டுனாங்க. அவனுக்கு ஒருத்தரும் கை தட்டுனதே இல்ல சார், ஸ்போர்ட்ஸ் நாள்லகூட."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். நீங்க கேட்டீங்கன்னா அவங்க வெக்கப்பட்டுக்கிட்டு அடுத்த ஊர்ல சொல்லாம விட்ருவாங்க. அவங்க சொல்றவரைக்கும் அவன் இருப்பான்லா. என்னைய என்ன வேணாலும் சொல்லிட்டுப் போகட்டும்."

சிலர் பெற்ற பிள்ளைக்காகச் சொத்தைக் கொடுப்பார்கள், சிலர் சிறுநீரகத்தைக் கொடுப்பார்கள். இந்த மனிதர் தன் நல்ல பெயரைக் கொடுத்துவிட்டு நின்றார், அதுவும் இல்லாத பிள்ளைக்கு. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

திரும்பும் வழியில் சாரதாதேவி களைப்பாக, சந்தோஷமாக இருந்தார். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். ஒன்பது வருடமாக எந்தப் பேச்சாளரிடமும் வாய் திறக்காத அண்ணன் கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"டீச்சர், அந்தப் பையன்… வேற ஏதாச்சும் ஞாபகம் இருக்குங்களா?"

"அட, நீங்களும் கேட்டீங்களா?" அவருக்கு முகம் மலர்ந்தது. "இருக்கே. நெறைய இருக்கு. தினமும் பத்தரை மணி வாக்குல ஸ்கூலத் தாண்டி ஒரு லோரி போகும். ரோட்டுல தெரியறதுக்கு முன்னயே, கியர் மாத்துற சத்தத்த வெச்சே கண்டுபிடிச்சிருவான். எந்தப் பாடமா இருந்தாலும் சரி, எந்திரிச்சு நின்னு 'எங்கப்பா!'ம்பான். கிளாஸே சிரிக்கும். ஒருநாள் கோவத்துல வெளிய நிக்கச் சொன்னேன். வெளிய நின்னா லோரி இன்னும் நல்லாத் தெரியும்னு ரொம்பச் சந்தோசமாப் போனான், ராஸ்கல்! அப்புறம் நானே பத்தரைக்குப் பாடத்த நிறுத்திருவேன். அந்த லோரியும் சரியா ஸ்கூல் பக்கத்துல வந்ததும் ரெண்டு ஹாரன் அடிக்கும். இவன் ஒக்காந்துக்குவான்."

இரயில் நிலையத்துக்குத் திரும்ப வேண்டிய முச்சந்தியில் வேன் நேராகப் போயிற்று. இருபது வருடத்துக்கு மேல் ஈப்போவில் ஓட்டியும் அண்ணன் வழி தப்பாத மனிதர். "மன்னிச்சுக்கங்க, ஒரு சுத்து சுத்தி வந்திரலாம்," என்றார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இத ஏன் டாக்டர் உரையில சேர்க்கல?" என்று கேட்டேன்.

"அது உரையில சேராதே சார்." ஒளிக்காமல், ஒரு சமையல்காரர் இன்னொரு சமையல்காரரிடம் பேசுவதுபோலச் சொன்னார். "அப்பா கொஞ்சம் கெட்டவரா இருந்தாத்தான் டீச்சர் வர்ற எடம் எடுபடும். அப்பாவுக்காக எந்திரிச்சு நிக்கிற பையன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"அவரு குடிக்கிறத நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் அவரப் பாத்ததே இல்லியே. லோரியத்தான் பாத்திருக்கேன்." பிறகு, அதில் என்ன இருக்கிறது என்பதுபோல, "தோட்டத்துல அந்தக் காலத்துல பாதிப் பேரு அப்படித்தானே சார்," என்றார்.

"பையன் ஜெர்மனியில இருக்கறது?"

அவர் வெளியே பார்த்தார். "நான் மாற்றலாகி வந்துட்டேன். அப்புறம் தெரியல. எங்கயாவது நல்லா இருப்பான். அவ்ளோ கெட்டிக்காரன், நல்லா இல்லாமலா போயிருப்பான்?"

அதை நம்பித்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. தோட்டத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார், அந்தப் பையனை இருபத்தேழு வருடம் மறக்காமல் வைத்திருக்கிறார், ஆனால் ஒருமுறைகூட யாரிடமும் அவனை விசாரிக்கவில்லை. விசாரித்தால் கதை கெட்டுவிடும் என்ற பயம் அவருக்குள் இருந்ததோ என்னவோ. பக்கத்தில் அண்ணனைப் பார்த்தேன். கன்னம் நனைந்திருந்தது. துடைக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அவன் எழுந்து நிற்பான் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. கேட்குமோ கேட்காதோ என்றுதான் அத்தனை வருடமும் ஹாரன் அடித்திருக்கிறார்.

நிலையத்தில் அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நுழைவாயில் பக்கத்தில் பையை இறக்கி வைத்தார். சாரதாதேவி பழத்தட்டை அவரிடம் நீட்டினார்.

"இத வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணே. உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

"ஒரு பையன் டீச்சர்."

"என்ன பண்றாரு?"

அண்ணன் பழத்தட்டைப் பார்த்தார். பிறகு அவரை நேராகப் பார்த்தார்.

"ஜெர்மனியில இஞ்சினியரா இருக்கான் டீச்சர்."

அந்தக் குரலில் குத்தல் இல்லை, இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒருமுறையாவது வாய்விட்டு அப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. சாரதாதேவி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. அண்ணன் முகத்தையும், ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய கையையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அத்தனை மேடை ஏறிய அம்மாள் கையில் இரயில் சீட்டோடு சிலையாக நின்றார்.

"அவன்… இப்போ…" என்றார் கடைசியில்.

அண்ணன் இல்லையென்று தலையாட்டினார். கோலாலம்பூர் இரயில் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

"நான் இனிமே…" என்று சாரதாதேவி தொடங்கினார். "இனிமே அந்தக் கதைய எங்கயும் சொல்லமாட்டேண்ணே. சத்தியமா சொல்லமாட்டேன்."

"ஐயோ, அப்படிச் செஞ்சிராதீங்க டீச்சர்." அண்ணன் பதறிப்போனார். அவர் பதறி நான் பார்த்தது அன்றுதான். "நீங்க சொல்லணும். எல்லா ஊர்லயும் சொல்லணும். அவன ஞாபகம் வெச்சிருக்கிறது இப்ப நாம ரெண்டு பேருதான்."